கோப்பிலிருந்து கலைக்களஞ்சியத்துக்கு: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் ஆவணங்களும் கூட்டுத் தொகுப்பும்

கிள்ளான் நகரத்துக்கும் துறைமுகத்துக்கும் இடையில் இருக்கிறது பண்டமாரான். மலாயா அவசரகாலத்தில் உருவான சீனப் புதுக்கிராமம், அதையொட்டி எழுந்த தாமான்கள் (குடியிருப்புப் பேட்டைகள்), தொழிற்பேட்டை, இரவு பகலாக ஓடும் கொள்கலன் லாரிகள் என்று ஊர் அடர்ந்துவிட்டது. சுற்றுவட்டாரத்தில் பால்மரங்கள் நின்ற காலத்தை நினைவுபடுத்த இன்று சில கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும்தான் மிச்சம். பெயரில் தோட்டத்தைக் குறிக்கும் 'லாடாங்' என்ற மலாய்ச் சொல் இருக்கும், தோட்டம் இருக்காது. அப்படிப்பட்ட பள்ளிகள் சிலாங்கூரில் பல.

தாத்தா பால் வெட்டிய தோட்டத்தைப் பற்றி அறிய விரும்பும் பேரப்பிள்ளை முதலில் கைப்பேசியில்தான் தேடுவார். தேடுபொறி அவரைப் பெரும்பாலும் விக்கிப்பீடியாவுக்கு அனுப்பிவைக்கும். அங்கே என்ன இருக்கும் என்பது காப்பகங்கள் எதை, எந்த வடிவில், எந்த மொழியில் வெளியே விட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. கூட்டாகத் தொகுக்கப்படும் இணையக் கலைக்களஞ்சியங்களைக் கொண்டு ஆவணக் காப்பகங்கள் தம் வாசலை எந்த அளவுக்கு அகலப்படுத்த முடியும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. உலக அளவில் இந்தக் கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, படங்களை மின்னாக்கி விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள் என்பது. மலேசியத் தமிழர் நிலையில் அந்த விடை தவறான முனையிலிருந்து தொடங்குகிறது என்று கருதுகிறேன். இங்கே முதல் தடை படம் இல்லாதது அன்று. இருக்கும் பொருளைத் தமிழில் விவரித்து வைத்தவர் இல்லாதது.

1. ஆவணங்கள் எங்கே கிடக்கின்றன

மலேசியாவின் தேசிய ஆவணக் காப்பகம் 1957 டிசம்பர் 1 அன்று தொடங்கப்பட்டது. அங்குள்ள சிலாங்கூர் செயலகக் கோப்புகள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்கால்வாசியிலிருந்து இம்மாநிலத்தின் வரலாற்றை எழுதும் எவரும் தவிர்க்க முடியாத மூலம். தோட்ட நிலக் குத்தகை, சாலை, மருத்துவமனை, கள்ளுக்கடை உரிமம், தொழிலாளர் முறையீடு எல்லாம் அந்தக் கோப்புகளில் வருகின்றன. கோப்புத் தலைப்புகள் ஆங்கிலத்தில் இருக்கும். எழுதியவர் குமாஸ்தா, எவரைப் பற்றி எழுதினாரோ அவர் தலைப்பில் 'கூலி'யாக மட்டும் இருப்பார்.

இரண்டாவது இடம் லண்டன். குடியேற்ற நாடுகள் அலுவலகக் கோப்புகள் கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. விடுதலைக்கு முன் குடியேற்ற நாடுகளிலிருந்து அள்ளிச் செல்லப்பட்டு ஹான்ஸ்லோப் பார்க் என்ற பிரிட்டிஷ் அரசு வளாகத்தில் பல்லாண்டுகள் மறைத்து வைக்கப்பட்ட கோப்புகள் 2011-இல், கென்யாவின் மாவ் மாவ் கிளர்ச்சிக் காலக் கொடுமைகள் பற்றிய வழக்கையொட்டி வெளிச்சத்துக்கு வந்தன. அடுத்த ஆண்டிலிருந்து கியூவில் தொகுதி தொகுதியாகத் திறக்கப்பட்ட அவற்றில் மலாயாக் கோப்புகளும் உண்டு. 'திறக்கப்பட்டன' என்றால் கியூவின் வாசிப்பறைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று பொருள். கிள்ளானிலிருந்து அது நெடுந்தூரம்.

மூன்றாவது இடம் வீடுகள், கோயில்கள், பள்ளிகள், தொழிற்சங்கக் கிளைகள். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். ஒரு தோட்டக் கோயிலின் திருவிழா நோட்டீஸை எடுத்துக்கொள்வோம். மங்கிய இளஞ்சிவப்புத் தாள், மேலே சாமி படம், தமிழ் மாதத் தேதியும் ஆங்கிலத் தேதியும். அதன் கீழே நாள்வாரியாக உபயகாரர் பட்டியல்: முதல் நாள் கிராணிமார் உபயம், மறுநாள் இன்ன டிவிசன் தொழிலாளர் உபயம், அடுத்த நாள் ஒரு கங்காணி குடும்பம், பிறகு மளிகைக்கடைக்காரர், கடைசியில் பள்ளி ஆசிரியர்கள். அடியில் அச்சகத்தின் பெயர். ஒரு தாளில் தோட்டத்தின் பிரிவுகள், படிநிலை, ஆள்பெயர்கள், பணப்புழக்கம், உள்ளூர் அச்சுத்தொழில் எல்லாம் பதிவாகிவிடுகின்றன. எந்த அரசுக் கோப்பிலும் இத்தனை தமிழ்ப் பெயர்கள் இத்தனை மரியாதையோடு அச்சேறியிருக்காது. தோட்டம் விற்கப்பட்டு, லயத்து வீடுகள் இடிபட்டு, குடும்பங்கள் அடுக்குமாடிக்குப் போகும்போது முதலில் குப்பைக்குப் போவதும் இந்தத் தாள்தான்.

2. படத்தை ஏற்றும் வழி: அதன் வரவும் செலவும்

காப்பகங்களும் விக்கிமீடியாவும் கைகோத்த வரலாற்றில் அடிக்கடி சுட்டப்படும் நிகழ்வு 2008 டிசம்பரில் நடந்தது. ஜெர்மனியின் கூட்டரசு ஆவணக் காப்பகம் 80,000-க்கு மேற்பட்ட புகைப்படங்களைப் படைப்பாக்கப் பொதும உரிமத்தில் பொதுவகத்துக்கு வழங்கியது. படங்கள் பல மொழிக் கட்டுரைகளில் இடம்பெற்றன. அதைவிடக் கவனிக்க வேண்டியது, தன்னார்வலர்கள் படவிளக்கங்களில் இருந்த பிழைகளைப் பட்டியலிட்டு அனுப்பியதும் படங்களில் இருப்போரை அடையாளம் காட்டியதும். காப்பகத்தின் பட்டியல் வாசகர்களால் திருத்தப்பட்டது. ஆனால் இந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. பெயரும் மூலமும் குறிப்பிடாமல் படங்களை எடுத்தாண்டவர்களும் விற்றவர்களும் பெருகியதைக் காரணம் காட்டி, மேற்கொண்டு படங்கள் தருவதைக் காப்பகம் நிறுத்திக்கொண்டது.

2010-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் லியாம் வயட் என்ற ஆஸ்திரேலியரைத் தன் முதல் 'உறைவிட விக்கிப்பீடிய'ராக, அதாவது நிறுவனத்துக்குள் இருந்தே விக்கிப்பீடியர்களோடு இணைந்து பணியாற்றுபவராக, ஏற்றது. 2011-இல் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகமும் அதே வழியில் சென்றது. இவை பற்றிய நிறுவன அறிக்கைகள் பார்வை எண்ணிக்கையைக் கொண்டே வெற்றியை அளக்கின்றன. அந்த அளவுகோல் பெரிய மொழிகளுக்குப் பொருந்தலாம். தன் ஊரின் பெயரையே இணையத்தில் பிழையின்றிக் காண முடியாத சமூகத்துக்கு அது எதையும் சொல்வதில்லை.

நமக்கு நெருக்கமான உதாரணம் ஆம்ஸ்டர்டாமின் அன்றைய ட்ரோப்பன் அருங்காட்சியகம். டச்சுக் குடியேற்றக் கால இந்தோனேசியப் படங்களை அது பல்லாயிரக் கணக்கில் பொதுவகத்துக்குத் தந்தது. அவற்றுள் மலாக்கா நீரிணைக்கு அக்கரையிலுள்ள கிழக்குச் சுமத்திராவின் டெலித் தோட்டப் பகுதிப் படங்களும் அடக்கம். அந்தத் தோட்டங்களில் தமிழர்களும் உழைத்தனர். இத்தகைய தொகுப்புகளில் துரைக்குப் பெயர் உண்டு, பங்களாவுக்குப் பெயர் உண்டு. வரிசையில் நிற்பவர்கள் இனப்பெயரால் மட்டுமே குறிக்கப்படுகிறார்கள். பட விளக்கத்தை மாற்றாமல் படத்தை மட்டும் பரப்பினால், குமாஸ்தாவின் பார்வை உலகம் முழுவதும் நகலாகும். அணுக்கம் கூடும், பார்வை அப்படியே இருக்கும்.

3. 1941: ஒரு சோதனை

இதை உள்ளூர் நிகழ்வு ஒன்றில் வைத்துச் சோதிக்கலாம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் மலாயாத் தொழிலாளர் வரலாற்றில் பெரிய நிகழ்வு. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் முன்னணியில் நின்ற ஆர்.எச். நாதன் 'தமிழ் நேசன்' நாளிதழோடு தொடர்புடையவர். மே மாதத் தொடக்கத்தில் அவர் கைதானதும் வேலைநிறுத்தம் பரவியது; படை வரவழைக்கப்பட்டது; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தனர்; நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். கோரிக்கைகள் கூலியோடு நிற்கவில்லை. சீனத் தொழிலாளருக்கு இணையான ஊதியம், கள்ளுக்கடை மூடல், பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்கள்மீதான அத்துமீறலுக்கு முடிவு, உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி ஆகியவற்றோடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டியதில்லை என்பதும் பட்டியலில் இருந்தது. அந்தக் கடைசிக் கோரிக்கை ஒரு முழுக் கட்டுரைக்கு உரியது.

இந்நிகழ்வைத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத முனைபவர் எந்தச் சான்றைக் கைக்கொள்வார்? எச்.ஈ. வில்சன் எழுதிச் சிங்கப்பூரின் தென்கிழக்காசிய ஆய்வு நிறுவனம் 1981-இல் வெளியிட்ட சிறுநூல் உண்டு. மைக்கேல் ஸ்டென்சனின் 1980-ஆம் ஆண்டு நூல் உண்டு. இரண்டும் ஆங்கிலம், இரண்டும் கவனமான ஆய்வுகள். அன்றைய ஆங்கில நாளேடுகளைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் வீட்டிலிருந்தே தேடிப் படிக்கலாம். ஆக, அதிகாரியின் அறிக்கையும் தோட்ட முதலாளியின் கருத்தும் சில நொடிகளில் மேற்கோளாகக் கிடைக்கும். அதே தளத்தில் 'தமிழ் முரசு' பழைய இதழ்களும் உண்டு என்பது நல்ல செய்தி. ஆனால் கொம்பு போட்ட ணை, லை, னை வடிவங்களும் தேய்ந்த ஈய எழுத்தும் கொண்ட, எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய தமிழ் அச்சை எந்திரம் சரியாகப் படிப்பதில்லை. பக்கம் இருக்கும், தேடினால் அகப்படாது. கூட்டத்தின் நடுவே நின்று தமிழில் எழுதியவர்களின் சாட்சி இப்படித்தான் கட்டுரையிலிருந்து நழுவுகிறது. 'நடுநிலை நோக்கு' என்ற விக்கிப்பீடிய விதியை எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடித்தாலும், கிடைக்கும் மூலங்கள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கட்டுரையும் சாயும்.

இதற்கு மருந்து ஏற்கெனவே உண்டு. ஆஸ்திரேலியத் தேசிய நூலகம் தன் பழைய நாளிதழ்களின் எந்திர வாசிப்பைத் திருத்தும் வாய்ப்பை 2008 முதல் பொதுமக்களுக்கே தந்திருக்கிறது. தமிழில் விக்கிமூலம் அதே வேலையை நூல்களுக்குச் செய்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியாக வந்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நாட்டுடைமை நூல்கள் விக்கிமூலத்தில் ஏற்றப்பட்டு, எந்திரம் படித்த எழுத்தைத் தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்த்துவருகிறார்கள். மலேசியாவின் பழைய தமிழ் இதழ்கள் இந்த வரிசையில் இடம்பிடிக்காததற்குத் தொழில்நுட்பம் காரணமில்லை. பதிப்புரிமையும் இதழ்கள் யார் கையில் என்ற தெளிவின்மையும்தான் காரணம். 1924 முதல் வந்த 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுபோனது. ஒரு நாளிதழ் மூடப்படும்போது அதன் கட்டுத்தொகுதிகளும் படக்கோப்புகளும் எங்கே போக வேண்டும் என்று சமூகம் முன்கூட்டி யோசித்துவைத்ததில்லை. இதைச் சொல்லாமல் விக்கி விதிகளை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது.

4. 'நூலகம்' செய்தது என்ன

இலங்கைத் தமிழர் அனுபவம் இங்கே பாடமாக உதவும். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்த இழப்பின் நினைவோடு வளர்ந்த தலைமுறை 2005-இல் தொடங்கியதே 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம். பலரும் அதை ஸ்கேன் செய்த நூல்களின் கிடங்கு என்றே அறிவர். அதன் அமைப்பை உற்றுப் பார்த்தால் வேறொன்று தெரியும். அது விக்கிப்பீடியா இயங்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளில் இயங்குகிறது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனி எண், தனிப் பக்கம். ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு. இதழாக இருந்தால் உள்ளடக்கம் தமிழில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். இவற்றோடு 'ஆளுமை' என்றும் 'நிறுவனம்' என்றும் தலைப்பிட்ட பக்கங்கள். ஊர் ஆசிரியர், நாடகக் கலைஞர், சனசமூக நிலையம் போன்ற, கலைக்களஞ்சியத்தின் வாசலில் தடுக்கப்படக்கூடிய பெயர்கள் அங்கே சிறு பதிவாகவேனும் நிற்கின்றன.

இதன் பலன், இலங்கை சார்ந்த தமிழ் விக்கிப்பீடியக் கட்டுரைகளில் நூலகத்துக்கான இணைப்புகளாகத் தெரிகிறது. 2003-இல் தொடங்கி இன்று ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுரைகள் கொண்ட தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடக்க காலத்தில் தூக்கி நிறுத்தியவர்களில் இ. மயூரநாதன் போன்ற இலங்கைத் தமிழர்களின் பங்கு பெரிது. காப்பகமும் கலைக்களஞ்சியமும் ஒரே சமூகத்தின் இரு கைகளாக இயங்கின. கலைக்களஞ்சியம் கேட்கும் சான்றைக் காப்பகம் தந்தது. காப்பகத்துக்கு வேண்டிய வாசகரைக் கலைக்களஞ்சியம் அனுப்பியது.

மலேசியாவில் இதற்கு இணையான கூறுகள் தனித்தனியே உள்ளன. மலாக்கா முத்துக்கிருஷ்ணன் மலேசிய ஊர்கள், ஆளுமைகள், தொழிற்சங்க வரலாறு பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏராளமாக எழுதினார். 1949-இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் மலாயா கணபதியைப் பற்றி ஒரு தமிழ் மாணவர் இன்று எளிதில் படிக்க முடிகிறதென்றால் அத்தகைய தனிமனித உழைப்பே காரணம். 'வல்லினம்' இலக்கிய இதழின் குழுவினர் 'சடக்கு' தளத்தில் மலேசிய எழுத்தாளர்களின் படங்களைத் திரட்டினர். 2022-இல் எழுத்தாளர் ஜெயமோகன் முன்னெடுத்த 'தமிழ் விக்கி'யிலும் மலேசிய இலக்கியப் பதிவுகள் சேர்ந்தன. தமிழ் விக்கி, ஆசிரியர் குழுவின் பார்வைக்குப் பிறகே பதிவை வெளியிடுகிறது. விக்கிப்பீடியாவின் கட்டற்ற தொகுப்பைவிட இது பிழையைக் குறைக்கும். ஆனால் எது பதிவுக்குரியது என்ற தீர்ப்பைச் சிலரிடம் ஒப்படைக்கிறது. இலக்கியத்துக்கு இந்த முறை பொருந்துகிறது என்பது என் எண்ணம். தோட்ட வரலாற்றுக்கு, அறியப்படாத நூறு பேர் தொகுக்கும் முறையே ஏற்றது. குறை என்னவென்றால் இந்த முயற்சிகளுக்குப் பின்னால் நின்று மூலங்களை எண்ணிட்டுத் தரும் காப்பகம் இங்கே இல்லை.

5. சான்று என்னும் வாசல்

விக்கிப்பீடியா சொந்த ஆய்வை ஏற்பதில்லை. எந்தக் கூற்றுக்கும் வெளியான, நம்பகமான மூலம் வேண்டும் என்ற விதியைத் தமிழ் விக்கிப்பீடியர் 'மெய்யறிதன்மை' என்கிறார்கள். ஒரு தலைப்பு தனிக் கட்டுரைக்கு உரியதா என்பதற்குக் 'குறிப்பிடத்தக்கமை' என்றொரு அளவுகோலும் உண்டு. எழுத்து குறைவாகவும் பேச்சு நிறைவாகவும் இருந்த சமூகங்களுக்கு இவை சுவர்களே என்ற விமர்சனம் பழையது. 2011-இல் அச்சல் பிரபலா என்ற இந்திய எழுத்தாளர் மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செபேடி மொழிகளில் வாய்மொழி நேர்காணல்களைப் பதிவுசெய்து, அவற்றையே விக்கிப்பீடியாக் கட்டுரைகளுக்கு மேற்கோளாக்கும் முயற்சியை நடத்திக் காட்டினார். விவாதம் பெரிதாக எழுந்தது, விதி மாறவில்லை.

விதியைத் தளர்த்துவதைவிடச் சுவரில் கதவு வைப்பது நடக்கக்கூடியது. அதை வைக்க வேண்டியவர் காப்பகத்தார். சிங்கப்பூரில் 1979-இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தமிழிலும் நேர்காணல்களைப் பதிவுசெய்து, எண்ணிட்டுப் பட்டியலிட்டுப் பாதுகாத்துவருகிறது. கப்பலேறி வந்த ஒருவரின் பேச்சு வீட்டில் இருக்கும்வரை நினைவு. காப்பகத்தில் சேர்க்கை எண், நேர்காணல் செய்தவர் பெயர், தேதி, எழுத்தாக்கம் ஆகியவற்றோடு இருந்தால் பிறர் சரிபார்க்கக்கூடிய ஆவணம். 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்து, அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்றிருந்த துறைமுகத்தில் இறங்கியோரின் கடைசித் தலைமுறை இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அந்தக் கப்பல் தன் ஓட்டத்தை நிறுத்தி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது என்பதால் காலம் அதிகமில்லை.

பெயரிடுதல் மற்றொரு தடை. ஒரு தோட்டத்துக்குக் கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர், தொழிலாளர் புழங்கிய தமிழ்ப் பெயர், அரசு ஆவணத்தின் மலாய்ப் பெயர், தாமான் ஆன பிறகு வந்த பெயர் என நான்கு இருக்கலாம். இலங்கையில் பெர்குசன் கையேடு தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களையும் அச்சிட்டது. தேயிலை முதலாளிக்கே அது தேவைப்பட்டது. இன்று அந்த வேலைக்கு விக்கிமீடியாவின் தரவுத்தளமான விக்கித்தரவு உண்டு. 2012-இல் தொடங்கிய அதில் ஒரே பொருளுக்கு எத்தனை மொழியிலும் எத்தனை மாற்றுப் பெயரும் சேர்க்கலாம். அதோடு காப்பகக் கோப்பின் எண்ணையும் இணைக்கலாம். பாட்டி சொன்ன பெயரைத் தட்டினால் செயலகக் கோப்பு எண் வந்து நிற்கும். படம் ஒன்றுகூட ஏற்றாமல் இதைச் செய்ய முடியும்.

6. திறக்கக் கூடாதவை

எல்லாவற்றையும் திறந்துவிடுவதே நீதி என்ற உற்சாகம் விக்கிமீடியா வட்டாரங்களில் உண்டு. எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. 1941-இன் கோரிக்கைப் பட்டியலில் பெண்கள்மீதான அத்துமீறல் இருந்ததைக் கண்டோம். தொழிலாளர் துறைக் கோப்பில் அப்படி முறையிட்ட பெண்ணின் பெயர் இருந்தால், வாசிப்பறையில் ஆய்வாளர் படிப்பதும் தேடுபொறியில் கொள்ளுப்பேரர் தற்செயலாகக் காண்பதும் ஒன்றாகா. குடியேற்றப் பதிவுகளில் சாதி எழுதப்பட்டிருக்கிறது. திருவிழா நோட்டீஸ்களிலும் சில இடங்களில் அது தெரியும். கடற்பயணத்தில் சாதியைக் கழற்றிவிட்டு வந்த குடும்பத்துக்குக் கலைக்களஞ்சியம் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. எனவே பட்டியலைத் திறப்பது, உள்ளடக்கத்தைத் திறப்பது, கட்டுரையாக்குவது என்ற மூன்றையும் தனித்தனி முடிவுகளாக வைத்துக்கொள்வது நல்லது. முதலாவதைத் தாராளமாகச் செய்யலாம். மூன்றாவதற்கு அந்தச் சமூகத்தின் குரல் வேண்டும்.

மறுபுறம், பூட்டிவைப்பதே பாதுகாப்பு என்பதும் பொய். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு ஆளாகி, அதன் மின்சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. ஒரே இடத்தில் இருக்கும் பிரதி, எவ்வளவு பெரிய நிறுவனத்துடையதாக இருந்தாலும், ஒரே பிரதிதான்.

7. எங்கே தொடங்கலாம்

பதிப்புரிமையில் எளிய கணக்கு ஒன்று உண்டு. மலேசியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து ஐம்பது ஆண்டுகள் வரை நூலுக்குப் பதிப்புரிமை உண்டு. எனவே போருக்கு முந்தைய மலாயாத் தமிழ் நூல்களில் கணிசமானவை இங்கே பொதுச்சொத்தாகிவிட்டன அல்லது ஆகிக்கொண்டிருக்கின்றன. பொதுவகம் அமெரிக்கச் சட்டத்தையும் பார்க்கும் என்பதால் ஒவ்வொன்றையும் சரிபார்க்க வேண்டியிருக்கும். நோட்டீஸ், பள்ளி ஆண்டுமலர், சங்க மலர் ஆகியவற்றுக்குக் கோயில் நிர்வாகத்திடமோ பள்ளி வாரியத்திடமோ ஒரு பக்க அனுமதிக் கடிதம் வாங்கிவிடலாம். கையெழுத்திட இன்னும் நிர்வாகம் இருக்கும்போதே வாங்க வேண்டும். தோட்டத்தோடு கோயிலும் இடம்பெயர்ந்து போனபின் யாரிடம் கேட்பது?

அதற்கும் முன்னால் செய்யத்தக்கது ஒன்று இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்து இராம சுப்பையா, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியான தமிழ் நூல்களையும் இதழ்களையும் திரட்டித் 'தமிழ் மலேசியானா' என்ற பெயரில் ஒரு பட்டியலைத் தொகுத்தார். பல்கலைக்கழக நூலகம் அதை 1969-இல் வெளியிட்டது. மலேசியத் தமிழ் ஆவணவியலின் அடித்தளம் அது. ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளில் பெயராக வாழ்கிறது. அந்தப் பட்டியலின் ஒவ்வொரு பதிவையும் விக்கித்தரவில் ஓர் உருப்படியாக்கி, நூற்பெயரைத் தமிழ் எழுத்தில் தந்து, பிரதி இன்று எந்த நூலகத்தில் இருக்கிறது என்று சேர்த்தால், எது கிடைக்கிறது, எது தொலைந்தது என்பது முதன்முறையாக ஒரே பார்வையில் தெரியும். பல்கலைக்கழக நூலகம் பட்டியலைப் பயன்படுத்த ஒப்புதல் தந்தால் போதும். மீதி, ஒரு தமிழ்த்துறை மாணவர் குழு ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய தட்டச்சு வேலை. காணாமற்போன இதழ்களின் பெயர்கள் வெளியே தெரிந்தால், அவற்றின் ஒற்றைப் பிரதியைப் பழைய டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கும் பண்டமாரான்வாசி ஒருவருக்குத் தன்னிடம் இருப்பது என்னவென்று தெரியவரும்.